கூடையின் விளிம்பை வெட்ட வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மா. கிருஷ்ணன் எடுத்த யானைப் படங்களைப் பற்றி ஒரு பதிலின் நடுவில் நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை சமையல் குறிப்பு, பரீட்சைக் கேள்வி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, பக்கம் முழுவதும் காட்டுயிரும் கமெராவும்தான்.

*

ஐயா, மா. கிருஷ்ணன் என்பவரை அப்படிப் புகழ்ந்திருந்தீர்கள். யார் அவர்? போனிலேயே கலர் கலராகப் படம் விழுகிற காலத்தில் ஒரு கறுப்பு வெள்ளை யானைப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?
– ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

டீச்சர், முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். 1912 இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா அ. மாதவையா, தமிழில் நாவல் என்பது தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே நாவல் எழுதியவர். மகன் தாவரவியல் படித்தார், சந்தூர் சமஸ்தானத்தில் சில வருஷம் வேலை பார்த்தார், பிறகு சென்னையில் மயிலாப்பூரில் இருந்துகொண்டு எழுத்தும் படமுமாகவே வாழ்ந்துவிட்டார். கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 இல் ஓர் இயற்கைப் பத்தியைத் தொடங்கி 1996 பெப்ரவரியில் இறக்கும் வரை எழுதினார். 46 வருஷம்! தமிழிலும் எழுதினார், கட்டுரைகளுக்குத் தானே கோட்டோவியமும் வரைந்தார். 1970 இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவருடைய கமெராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கம்பனியின் கமெரா உடல், இன்னொரு கம்பனியின் தூர லென்ஸ், இடையில் அங்கே இங்கே சேர்த்த துண்டுகள் என்று தானே பொருத்திய கனத்த கருவி அது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேர் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு முதுமலைக் காட்டிலும் பெரியாற்றுக் காட்டிலும் அலைந்தார், பல சமயம் பழக்கிய யானையின் முதுகில் உட்கார்ந்துகொண்டே காட்டு யானைகளைப் படம் பிடித்தார். ஃபிலிம் காலம். ஒரு ரோலில் விரல் விட்டு எண்ணுகிற அளவு படங்கள்தான். எடுத்தது விழுந்ததா இல்லையா என்பது வீட்டுக்கு வந்து இருட்டறையில் கழுவிய பிறகுதான் தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அவர் கடைசி வரை கறுப்பு வெள்ளையை விடவில்லை. அவர் மறைந்த பிறகு வந்த படத்தொகுப்பு ஒன்றைக் கண்டியில் ஒரு நண்பர் வீட்டில் பார்க்கக் கிடைத்தது, மத்தியானம் திறந்தவன் விளக்குப் போடுகிற நேரத்தில்தான் மூடினேன். காட்டில் கலரில் எடுத்தால் பச்சைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது, மிருகம் அதற்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் கரைந்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் அந்தப் பச்சை அடங்கிவிடுகிறது. அப்போதுதான் யானையின் தோல் தெரிகிறது: எந்தப் பக்கம் சேறு காய்ந்து வெளிறியிருக்கிறது, எது வரை ஆற்றில் இறங்கி நனைந்திருக்கிறது, காதின் ஓரம் எப்படி மடிந்து கிழிந்திருக்கிறது, மூங்கில் நிழல் முதுகில் எப்படி விழுகிறது. ஒரு கிழட்டு யானையின் நெற்றிக் குழியை நம் வீட்டுத் தாத்தாவின் கன்னக் குழியைப் போலப் பார்க்க வைக்கிறார். அந்தப் படத்தை எடுக்க யானையைத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைப் பற்றி 1960களின் கடைசியில் ஜவஹர்லால் நேரு நிதியுதவியில் விரிவான ஆய்வு செய்தவர் அவர். கூட்டம் காற்றை எந்தப் பக்கம் பிடிக்கும், தாய் குட்டியை எந்தப் பக்கம் ஒதுக்கும் என்று தெரிந்த ஒருவர், அது நடப்பதற்கு முன்பே அந்த இடத்தில் காத்திருக்கிறார். எனக்கு அவரிடம் உள்ள மரியாதை முழுவதும் அங்கேதான்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து இந்தியாவுக்குப் போன தோட்டத்துக் குடும்பங்களில் என் அத்தை குடும்பமும் ஒன்று. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தையின் கடிதங்களில் மாதத்துக்கு ஒரு தடவையாவது யானை வரும், ‘நேற்று ராத்திரி வாழையை மிதித்துவிட்டுப் போனது’, ‘இன்று கொழுந்து பறிக்கப் போகவில்லை, மேல் மலையில் நிற்கிறது’ என்று. நாங்கள் இங்கே யானையைப் பெரஹராவில் மட்டும் பார்த்த பிள்ளைகள். கூடலூருக்குப் பக்கத்துக் காடுதான் முதுமலை. கிருஷ்ணனின் படங்களைப் பார்த்தபோது, அத்தை கடிதத்தில் எழுதிய அதே கூட்டங்கள் இவையாக இருக்குமோ என்று ஒவ்வொரு பக்கத்திலும் நின்று நின்று பார்த்தேன்.

*

கூடலூரும் மலை, நுவரெலியாவும் மலை. அங்கே யானை இருக்கிறது, இங்கே ஏன் இல்லை?
– ஒரு வாசகர், ராகலை

இருந்தன. ஹோர்ட்டன் சமவெளி வரைக்கும் யானை நடந்த மலைதான் இது. வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டே தீர்த்தார்கள், மிச்சம் இருந்த காட்டைக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டினார்கள். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி கொன்ற யானைகள் மட்டும் 1,400 என்று சொல்லப்படுகிறது. 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்த யானைகளின் படம் ஒன்றுகூட நம்மிடம் கிடையாது. ஒரு நூறு வருஷம் பிந்தி இங்கேயும் ஒரு கிருஷ்ணன் இருந்திருந்தாலும் அவருக்குப் படம் பிடிக்க யானை மிஞ்சியிருக்காது, அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

*

என்னுடைய பழைய லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி படர்ந்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை.
– வாசகர், நானுஓயா

பூஞ்சை. நம் மலையின் ஈரம் லென்ஸுக்குச் சத்துரு. உள்ளே படர்ந்துவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும், நீங்களே திறக்காதீர்கள். இனிமேல் தோல் பைக்குள் வைக்க வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், பொட்டலம் கிடைக்காவிட்டால் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து வைக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வெயில் அடிக்கிற நாளில் எடுத்து வெளியில் பாவியுங்கள். அலுமாரியில் பூட்டி வைத்த லென்ஸில்தான் பூஞ்சை சீக்கிரம் வரும்.

*

அண்ணா, நான் உயர்தரம் படிக்கிறேன். என்னிடம் சாதாரண போன் மட்டும்தான். காட்டுயிர்ப் படம் எடுக்கிறவர்கள் எல்லாம் பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது சரிவருமா?
– ஒரு மாணவன், தலவாக்கலை

வரும் தம்பி. சிறுத்தைக்கும் கழுகுக்கும் போன் சரிவராது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. உன் போன் நன்றாகப் பார்ப்பது கிட்டத்தில் உள்ளதை. நீ இருக்கிற உயரத்தில் கிட்டத்தில் இருப்பது என்ன என்று யோசி. விடியற்காலையில் தேயிலைச் செடிகளுக்கு மேலே சிலந்தி வலை முழுக்கப் பனித்துளி கட்டியிருக்கும், எட்டு மணிக்கு வெயில் ஏறினால் போய்விடும். கானுக்குள் தவளைகள் இருக்கும். ஹக்கலை, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனால் கொம்போணான் இருக்கிறது, மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்பு வைத்த ஓணான். இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அது அவசரப்படாத பிராணி, கிளையோடு கிளையாக அசையாமல் இருக்கும், நீ மெதுவாகப் போனால் ஒரு முழத் தூரத்தில் நின்று எடுக்கலாம்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட ஓணான்களைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கடத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். போனில் எடுக்கிற படத்தோடு எடுத்த இடமும் பதிவாகும், அதை அணைத்துவிட்டு எடு, படத்தைப் போடும்போது எந்த மரம் எந்த வளைவு என்று எழுதாதே.

இரண்டாவது, எதையும் நகர்த்தாதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உன் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்போது எங்கள் லயத்துக்குப் பின்னால் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது, மூன்று குஞ்சு. இரவல் கமெரா ஒன்று இரண்டு நாளைக்குக் கையில் இருந்தது. கூட்டை மறைத்துக்கொண்டு நின்ற இலைகளை, நான்கோ ஐந்தோ இலைதான், கிள்ளிவிட்டு எடுத்தேன். படம் தெளிவாக விழுந்தது. மறுநாள் காலையில் கூடு காலி. அந்த இலைகள் குஞ்சுகளைக் காகத்திடமிருந்து மறைத்திருந்தன, நான் திறந்துவிட்டேன். அந்தப் படத்தை இது வரை யாருக்கும் காட்டியதில்லை. நீ இலையை விட்டுவிட்டு, தெரிகிற அளவுக்கு எடு.

*

எங்கள் தோட்டத்தில் புலி நடமாட்டம். போன வாரம் தேயிலைக்குள் இரண்டு குட்டியைக் கண்டார்கள். பொடியன்கள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒருவன் குட்டியை மடியில் வைத்து செல்ஃபி எடுத்தான். கேட்டால் நீங்கள் எழுதுகிற மாதிரி இதுவும் காட்டுயிர்ப் படம்தானே என்கிறான். என்ன சொல்வது?
– ஒரு கள உத்தியோகத்தர், மஸ்கெலியா

அந்தத் தம்பியிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: இது காட்டுயிர்ப் படம் கிடையாது. தாய் இரை தேடிப் போயிருக்கும். தேயிலைச் செடி அடர்த்தியாக, நிழலாக, ஆள் கண்ணில் படாமல் இருப்பதால் குட்டியை அங்கே விட்டுவிட்டுப் போவது அதன் வழக்கம். ஆள் கூடி, சத்தம் போட்டு, குட்டியைத் தூக்கி இடம் மாற்றினால் தாய் திரும்பி வரும்போது அங்கே குட்டி இருக்காது. அந்தப் பக்கத்தில் நிற்கிற தாய்ச் சிறுத்தையிடம் மாட்டப்போவது மறுநாள் அதே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற நம் பெண்கள்தான். குட்டியைக் கண்டால் கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு, அந்த மலையில் அன்றைக்கு வேலையை நிறுத்தி, வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருட்டியதும் தாயே வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.

நாம் புலி என்று சொன்னாலும் இந்தத் தீவில் இருப்பது சிறுத்தை மட்டும்தான், இலங்கைக்கே உரிய துணையினம். சிங்கமோ வேங்கையோ இல்லாத இந்தக் காட்டில் அதற்கு மேலே வேட்டை மிருகம் கிடையாது. நம் தோட்டங்களுக்கு இடையில் இருக்கிற ஓடைக்கரைக் காட்டுத் துண்டுகள், மானாப்புல் மேடுகள், டர்பன்டைன் தோப்புகள் வழியாகத்தான் அது ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. நாய், மரை, காட்டுப்பன்றி எதையும் தின்னும்.

லக்சபானவில் நடந்ததை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 இல் மலையகக் காட்டில் வைத்த தானியங்கிக் கமெராவில் கருஞ்சிறுத்தை ஒன்று பதிவானது. உடம்பு முழுக்கக் கறுப்பு, வெளிச்சம் சரியாக விழுந்தால் மட்டும் உள்ளே புள்ளிகள் தெரிகிற அந்த மிருகத்தைப் பார்த்து நாடே வாயைப் பிளந்தது. அடுத்த வருஷம், 2020 மே மாதக் கடைசியில், லக்சபான தோட்டப் பகுதியில் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், மே 29 அன்று செத்துப்போனது. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பிதான். கரட்டும் லீக்ஸும் போட்டு வயிற்றைக் கழுவுகிறவனுக்குப் பன்றி எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் கம்பி வைத்தவனை மட்டும் திட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கம்பி ஆள் பார்த்து மாட்டாது. உங்கள் பொடியன்களுக்குப் போனும் இருக்கிறது, மலை ஏறுகிற காலும் இருக்கிறது. குட்டியைத் தேடி ஓடுகிற நேரத்தில் தோட்டத்து ஓரங்களில் எங்கெங்கே கம்பி இருக்கிறது என்று பார்த்து அதைப் படம் எடுத்துக் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். அந்தப் படத்தை நான் இந்தப் பக்கத்தில் முதலாவதாகப் போடுவேன்.

*

ஹோர்ட்டன் சமவெளித் தேவாங்கின் படம் உலகத்திலேயே முதல் தடவையாக நம் நாட்டில்தான் எடுக்கப்பட்டதாமே, உண்மையா?
– வாசகி, வெலிமடை

உண்மைதான் அக்கா. அந்தத் தேவாங்கு இந்த நாட்டு மலைக்காட்டைத் தவிர வேறெங்கும் இல்லை, அதனால் படம் எடுப்பதென்றால் இங்கேதான் எடுத்தாக வேண்டும். 1939 இலிருந்து 2002 வரை யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் லண்டன் விலங்கியல் சங்கத்தாரும் சேர்ந்து ராத்திரி ராத்திரியாகத் தேடினார்கள், 2010 இல் முதல் படங்கள் வெளியே வந்தன. குளிருக்கு ஏற்றபடி அடர்ந்த ரோமம், தாழ்நிலத்துத் தேவாங்கைவிடக் கட்டையான கைகால், இரண்டு பெரிய கண். கிளையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறது. மலைக்காட்டில் நடுராத்திரிக் குளிர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், பல்லும் பல்லும் அடிக்கும், மூடுபனியில் டோர்ச் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. அதற்குள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிராணியைத் தேடியிருக்கிறார்கள். அழகு என்று பார்த்தால் சாதாரணப் படம்தான், ஃபிளாஷ் வெளிச்சம், பின்னால் ஒரே இருட்டு. ஆனால் 63 வருஷம் இல்லை என்று நினைத்த ஒன்று இருக்கிறது என்று காட்டுகிற படத்துக்கு வேறு அழகு தேவையில்லை.

*

பெரிய புகைப்படக்காரி ஒருத்தியின் கல்லறை எங்கள் ஊர்த் தேவாலயத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நிஜமா?
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

நிஜம். ஜூலியா மார்கரெட் கேமரன். உங்கள் ஊர் சென்ட் மேரிஸ் தேவாலயத்தில்தான் புருஷனோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமெராவில் படம் எடுக்கத் தொடங்கியவர், 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்தில் இறந்தார். மனித முகங்களை எடுத்தவர் அவர், காட்டுயிர் இல்லை. இங்கே இருந்தபோது தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்களையும் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் இருக்கிறவர்களில் பலருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கண்கள் மட்டும் நேராக நம்மைப் பார்க்கின்றன. பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

*

ஐயா, நான் கொழுந்து பறிக்கிறவள். ஒக்டோபர் கடைசியில் ஒரு காலை, பெரட்டுக்குப் போகும்போது லயத்து வாசலில் ஒரு குருவி தூக்கக் கலக்கமாக உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, வயிறு மஞ்சள் மாதிரி, வாலுக்குக் கீழே நல்ல சிவப்பு, கண்ணில் மை இழுத்த மாதிரிக் கறுப்புக் கோடு. வால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மகள் போனில் படம் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பறந்துவிட்டது. அது என்ன குருவி? படத்தின் ஓரத்தில் என் கூடை வந்துவிட்டது, அதை வெட்டிவிட்டு அனுப்பவா என்று மகள் கேட்கிறாள்.
– ஒரு வாசகி, லிந்துலை

அம்மா, நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே தெரிந்துவிட்டது, படம் வர வேண்டும் என்றே இல்லை. அது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு என்று அந்த நேரத்தில் குரல் கொடுப்பதால் தமிழில் அந்தப் பேர். இந்தியாவில் இமயமலை அடிவாரத்திலும் நடுப்பகுதிகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும்போது தெற்கே இறங்கி, கடலையும் தாண்டி இங்கே வருகிறது. வந்த களைப்பில் சுவரில் மோதி, வீட்டு வாசலிலும் விறாந்தையிலும் இப்படி மயங்கி உட்கார்ந்திருக்கும். தொடாமல் தண்ணீர் வைத்துத் தள்ளி நின்றால் போதும், தெளிந்து போய்விடும். ஏப்ரல் வரைக்கும் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். மரத்துக்குக் கீழே சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தின்னும், சாயங்காலம் மட்டம் முடிந்து வரும் நேரத்தில் கூப்பிடுவதும் கேட்கும், இரண்டு சுரத்தில் விசிலடிக்கிற மாதிரி.

இந்தக் குருவியை எடுக்க நுவரெலியா விக்டோரியா பூங்காவில் வெளிநாட்டுக்காரர்கள் பெரிய பெரிய லென்ஸோடு மணிக்கணக்கில் காத்து நிற்பார்கள். அவர்கள் எடுக்கிற படத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரியும், பின்னால் ஒரே பச்சை மங்கல், எந்த ஊர் என்று சொல்ல முடியாது. கிருஷ்ணனின் படங்களில் எனக்கு மிகவும் பிடித்ததே மிருகத்தோடு அது நிற்கிற இடமும் இருப்பதுதான், மூங்கிலும் ஆற்றுக்கரையும் உடைந்த கிளையும். உங்கள் மகள் எடுத்ததில் ஈரமான சீமெந்து வாசல் இருக்கும், கூடை இருக்கும், இத்தனை தூரம் பறந்து வந்து அதன் பக்கத்தில் மூச்சு வாங்கிய குருவி இருக்கும். கூடையை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். எடுத்த திகதி, நேரம், தோட்டத்தின் பேர் மூன்றையும் எழுதி அப்படியே அனுப்பட்டும். அடுத்த இதழில் மகளின் பேரோடு போடுகிறோம்.